புகையும் புழுவும்

"வண்டி வருகிறது! வண்டி வருகிறது!"

கூவிக்கொண்டே ஓடுகின்றனர் சிறுவர்கள். கடகடவென்ற ஒலி. கண்மூடித் திறப்பதற்குள் தெருவெல்லாம் வெண்புகை. மூக்கைப் பொத்திக்கொள்கிறார் முதியவர். முந்தானையால் குழந்தையின் முகத்தை மறைத்துக்கொள்கிறாள் தாய். சிறுவர்கள் மட்டும், மேகமே தரைக்கு இறங்கி வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியிலே, புகைக்குள்ளே புகுந்து புறப்படுகின்றனர். வண்டி போய்விடுகிறது. புகையும் கலைந்துவிடுகிறது. 'கொசு ஒழிப்புப் பணி மும்முரம்' என்று மறுநாள் ஏடுகளிலே படம் வெளிவருகிறது. படம் வெளிவந்த அன்றே, அதே தெருவிலே, அதே திண்ணையிலே, கொசு மீண்டும் பாடுகிறது!

தோழர்களே! புகையைப் பழிப்பது நமது நோக்கமல்ல. நோய் மூண்டுவிட்ட தெருவிலே, நோய்க்கிருமியைச் சுமந்து பறந்துகொண்டிருக்கும் கொசுவை உடனே வீழ்த்த, புகையும் ஒரு கருவிதான். மறுக்கவில்லை. ஆனால், புகை பறப்பதைக் கொல்லும். பிறக்கப் போவதைக் கொல்லாது. கட்டிலுக்கு அடியிலே, தொங்கும் சட்டையின் மறைவிலே ஒதுங்கியிருப்பதை அது எட்டிப்பிடிப்பது அரிது. தொட்டித் தண்ணீரிலே நெளிந்துகொண்டிருப்பதை அது தொடுவதே இல்லை. இன்று நெளிவது, நாலு நாளிலே பறக்கும்! கள்ளச்சரக்கு காய்ச்சும் இடத்தை விட்டுவிட்டு, சரக்கு ஏற்றிச் சென்ற வண்டியை மட்டும் துரத்திக்கொண்டிருக்கும் காவலரைக் கண்டால் நாம் என்ன சொல்வோம்? சிரிப்போம் அல்லவா? அந்தச் சிரிப்பிலே கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு, புகைவண்டியைப் பாருங்கள் என்கிறோம்.

கொசுவின் வாழ்விலே நான்கு பருவம். முட்டை, புழு, கூட்டுப்புழு, பிறகு சிறகு முளைத்த கொசு. முதல் மூன்றும் தண்ணீரோடு. நம் நாட்டு வெப்பத்திலே, முட்டை கொசுவாவதற்கு ஏழு நாளிலிருந்து பத்து நாள் வரை போதும். அந்த ஒரு வாரமும் அது கைதி! பறக்க முடியாது, கடிக்க முடியாது, ஓடி ஒளிய முடியாது. மூச்சுவிடத் தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்தே தீரவேண்டும். அத்தகைய எதிரியை, அகப்பட்ட இடத்திலேயே அழிப்பதை விட்டு, சிறகு முளைக்கும்வரை காத்திருந்து, வானத்திலே வாள் வீசுவானேன்? நகத்தாலே கிள்ளி எறிய வேண்டியதற்குக் கோடரி தேடுவானேன்?

எல்லாக் கொசுவும் ஒரு கொசுவல்ல. அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலும் பிறப்பது ஒரு வகை. இரவிலே கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் பிறந்து, நகரங்களிலே மலேரியாவைப் பரப்புவது இன்னொரு வகை. 'அனாபிலிஸ்' இனத்தைச் சேர்ந்தது. மூன்றாவதுதான் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் சுமந்து திரியும் 'ஏடிஸ்'. காலிலே வெள்ளைப் பட்டை, பகலிலே வேட்டை! சாக்கடையை அது நாடுவதில்லை. நாம் குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். மூடாத டிரம், சிமெண்டுத் தொட்டி, கொல்லையிலே கிடக்கும் டயர், கவிழ்க்காமல் விட்ட கொட்டாங்கச்சி, பயன்படுத்தாத ஆட்டுக்கல், குளிர்ப்பெட்டியின் பின்புறத் தட்டு, இவையே அதன் அரண்மனைகள். இன்னொரு கொடுமை கேளுங்கள். அது முட்டையிடுவது தண்ணீரிலே அல்ல. தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் பக்கச் சுவரிலே! தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை போய்விடாது. காய்ந்த நிலையிலே பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே, கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

இந்த உண்மைகள் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் பின்லே, மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுவே என்று 1881ஆம் ஆண்டிலே சொன்னார். கற்றறிந்தோர் கைகொட்டிச் சிரித்தனர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிரித்தனர்! சிரித்தவர்களின் ஊர்களிலே காய்ச்சல் பிணங்களை அடுக்கிக்கொண்டே இருந்தது. 1897 ஆகஸ்டு 20 அன்று, செகந்தராபாத்திலே, ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றிலே கண்டார். அந்தக் கொசு குடித்தது யாருடைய இரத்தத்தை? உசேன் கான் என்ற நம் நாட்டு நோயாளியின் இரத்தத்தை! கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. ராசுக்கு 1902இலே நோபல் பரிசு கிடைத்தது. உசேன் கானுக்குச் சில அணாக்கள். வரலாற்றின் கணக்கேடு அப்படித்தான் எழுதப்படுகிறது, என்ன செய்வது! எனினும், ராசைக் குறைத்துப் பேச மாட்டோம். கொசு பிறக்கும் இடத்தைத் தேடி அழிக்க ஊருக்கு ஊர் 'கொசுப்படை' அமைப்பது எப்படி என்று, பரிசு பெற்ற அதே 1902இலே ஒரு நூலே எழுதி வெளியிட்டவர் அவர்.

எழுதியதைச் செய்தும் காட்டினர், வேறு நாட்டிலே. 1901ஆம் ஆண்டு, ஹவானா நகரிலே, வில்லியம் கார்கஸ் என்ற இராணுவ மருத்துவர் வீடுவீடாக ஆட்களை அனுப்பினார். தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு மூடி, குட்டைகளுக்கு எண்ணெய், புழு காணப்பட்ட வீட்டுக்காரருக்கு அபராதம். அந்த ஆண்டு முடிவதற்குள், தலைமுறை தலைமுறையாக அந்நகரை ஆட்டிப்படைத்த மஞ்சள் காய்ச்சல் அடங்கியது.

அங்கிருந்து பனாமா. இரு கடல்களை இணைக்கும் கால்வாயை வெட்டப் பிரெஞ்சுக்காரர்கள் 1881இலே மண்வெட்டி எடுத்தனர். 1889இலே திட்டம் கவிழ்ந்தது. 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகின்றனர், பெரும்பாலும் காய்ச்சலால். அங்கே அவர்கள் கட்டிய மருத்துவமனையின் கதை, கல்லையும் கலங்க வைக்கும். அழகான மருத்துவமனை. எறும்பு ஏறாமலிருக்க, நோயாளியின் கட்டில் கால்களின் அடியிலே தண்ணீர்க் கிண்ணங்கள்! தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் தண்ணீர் வளையங்கள்! அந்தத் தண்ணீரிலே கொசு பெருகிற்று. ஒரு நோயோடு உள்ளே வந்தவன் மற்றொரு நோயாலே மாண்டான். எறும்புக்கு அணை கட்டினர். எமனுக்குத் தொட்டில் கட்டினர்!

1904இலே அமெரிக்கர் அப்பணியை மேற்கொண்டபோது, கார்கஸ் அங்கேயும் சென்றார். சதுப்பு வடிக்கப்பட்டது, புல் வெட்டப்பட்டது, வாய்க்கால்களிலே எண்ணெய் சொட்டியது, புழுக்கொல்லி தெளிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளிலே மஞ்சள் காய்ச்சல் ஓய்ந்தது. 1914 ஆகஸ்டு 15 அன்று கால்வாயிலே கப்பல் சென்றது. மலையைப் பிளந்த வெடிமருந்தைப் போற்றுவார்கள். மண்ணை அள்ளிய இயந்திரத்தைப் போற்றுவார்கள். வழியமைத்துக் கொடுத்தது, புழுவைத் தேடித் தண்ணீர்க் குட்டைகளிலே குனிந்து நடந்த கூலியாளின் கால்கள்!

ஆனால், அந்த வெற்றியிலும் ஒரு கறை உண்டு. அதை மறைத்துப் பேசுவது நமக்கு வழக்கமில்லை. வெள்ளைத் தொழிலாளருக்குத் தங்க நாணயத்திலே கூலி. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பருக்கு வெள்ளியிலே கூலி. தங்கப் பட்டியலாருக்குக் கொசுவலைக் கம்பி அடித்த வீடு. வெள்ளிப் பட்டியலாரிலே பலருக்கு அந்த வலையும் இல்லை. அமெரிக்கர் காலத்துப் பணியிலே நோயாலும் விபத்தாலும் மாண்டோர் 5,609 பேர் என்பது அவர்களே தந்த கணக்கு. அவர்களிலே பெரும்பாலோர் அந்தக் கறுப்பின உழைப்பாளரே! விஞ்ஞானம் ஒன்றுதான். அதைப் பங்கிட்டுத் தருவதிலே மட்டும் மேல், கீழ்!

நம் பக்கத்திலே நடந்தது என்ன? இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளிலே, லாகூர் அருகே மியான்மீர் என்ற படைவீரர் முகாமிலே, புழு ஒழிப்பைச் சோதித்துப் பார்த்தனர் வெள்ளைத் துரைமார். எதிர்பார்த்த பலன் இல்லை. உடனே, 'இந்தியாவுக்கு இந்த முறை ஒத்துவராது' என்ற முடிவுக்கு வந்துவிட்டனர். ராஸ் குமுறினார். போதிய பணமும் முயற்சியும் இல்லாத சோதனை அது என்றார். தோழர்களே, இந்தப் பாடம் பழைய பாடமல்ல. அரைகுறையாகச் செய்வது, ஆகவில்லை என்பது, பிறகு முறையின் மீதே பழியைப் போடுவது. இது துரைமார் போனபிறகும் போகாத நோய்!

1947இலே நம் நாட்டிலே ஆண்டொன்றுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் பேர் சாவு என்பது மதிப்பீடு. 1953இலே தேசிய அளவிலே கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.டி. தெளித்தனர். 1965 வாக்கிலே நோயாளிகள் ஏறத்தாழ ஒரு லட்சம் என்ற அளவுக்குக் குறைந்தனர். அரும்பெரும் சாதனை! முரசு கொட்டினர். கொட்டிய முரசின் ஒலி அடங்குமுன், 1976இலே எண்ணிக்கை 64 லட்சம்! காரணம் என்ன? கொசு மருந்துக்குப் பழகிவிட்டது. மருந்து வழங்குவதிலே தடங்கல். வெற்றி வந்துவிட்டது என்ற மெத்தனம். இவற்றோடு, நகரங்களிலே கிணறும் மாடித் தொட்டியும் கவனிப்பாரற்றுக் கிடந்தன. சுவருக்கு மருந்தடித்தால் தொட்டிக்குள் இருக்கும் புழு சாகுமா? அதை உணர்ந்தே 1971இலே நகர்ப்புற மலேரியாத் திட்டம் என்ற ஒன்று தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடி, புழு ஒழிப்பு!

முடியுமா என்று ஐயுறுவோருக்கு அண்டையிலேயே சான்று உண்டு. புதுச்சேரியிலே 1975இலே கொசு முதலான நோய்ப்பூச்சிகளுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1981 முதல் 1985 வரை அந்நகரிலேயே யானைக்கால் கொசுவை எதிர்த்து அவர்கள் போர் நடத்தினர். வாய்க்காலைச் சீராக்கினர், தேக்கத்தை வடித்தனர், கொசு பிறக்கும் இடங்களைக் குறைத்தனர். கொசு குறைந்தது. பிறகு, கேரளத்துச் சேர்த்தலை. அங்கே ஆகாயத்தாமரையின் வேரிலே குழலைச் செருகி மூச்சுவிடும் ஒரு விசித்திரக் கொசு. தென்னைக்கு உரமாகும் என்று மக்கள் அந்தச் செடியைக் குளங்களிலே விட்டு வைத்திருந்தனர். 'செடியை எடு!' என்று கட்டளை போட்டால் எடுப்பார்களா? ஆராய்ச்சியாளர் அதைச் செய்யவில்லை. 'செடியை எடுத்துவிட்டு மீன் வளருங்கள், வருவாய் வரும்' என்றனர். மக்களே இறங்கினர்! வயிற்றுக்கு வழி சொல்லிவிட்டுச் சுகாதாரம் பேசினால், ஏழை காதுகொடுத்துக் கேட்கிறான். சேர்த்தலை சொல்லித்தரும் பாடம் இது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? அண்மையிலே ஒரு நெசவாளர் தெருவுக்குப் போயிருந்தோம். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயிலே தண்ணீர். வீட்டுக்கு வீடு வாசலிலே இரண்டு டிரம். சீருடை அணிந்த கொசு ஒழிப்புப் பணியாளர், மஸ்தூர் என்று அழைக்கின்றனர், விளக்கடித்துப் பார்க்கிறார். புழு நெளிகிறது.

"கொட்டணும்க்கா."

"கொட்டிட்டு எதைத் தம்பி குடிக்கிறது? நீ தர்றியா?"

அந்தத் தம்பி தலைகுனிந்து நின்றார். அந்த அம்மையார் சொன்னது தவறா? இவர் சொன்னதுதான் தவறா? இரண்டுமில்லை. தவறு, பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஏற்பாட்டிலே இருக்கிறது! குழாய் ஒழுங்காக வந்தால் டிரம் எதற்கு? டிரம் இல்லாவிட்டால் புழு ஏது? ஏழையின் வாசலிலே தொட்டியை வைத்தது வறட்சி. அந்தத் தொட்டிக்கு அபராதம் விதிக்கிறது ஆணை! அதே ஊரிலே அடுக்குமாடி எழும்புகிறது. அடித்தளத்திலே மாதக்கணக்கிலே தண்ணீர் தேங்குகிறது. அங்கே விளக்கடித்துப் பார்க்க எத்தனை பேருக்குத் துணிவு வருகிறது? சட்டம் இல்லாமலில்லை. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலே கொசு ஒழிப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. அந்தச் சட்டம் குடிசைக்கும் மாளிகைக்கும் ஒன்றுதான். கோல் ஓங்கும் கைதான் இரண்டாக இருக்கிறது!

அந்த மஸ்தூரைப் பற்றியும் ஒரு சொல். அவருடன் சிறிது தூரம் நடந்தோம். நாட்கூலி. மழைக்காலத்திலே வேலை, காய்ச்சல் அடங்கினால் வேலையும் அடங்கிவிடுமோ என்ற அச்சம். எண்ணிப் பாருங்கள், தன் பணியிலே முழு வெற்றி பெற்றால் தன் பிழைப்பே போய்விடும் என்ற நிலையிலே ஒரு போர்வீரனை நிறுத்தி வைத்திருக்கிறோம்! புழு ஒழிப்பு வெயில்காலத்திலேயே தொடங்க வேண்டிய வேலை. காய்ந்த முட்டைகள் மழைக்காகக் காத்திருக்கும் காலம் அது. நோய் வந்தபிறகு ஆள் எடுப்பது, தீப்பிடித்தபிறகு கிணறு வெட்டுவது. ஆண்டு முழுவதும் வேலை, நிலையான ஊதியம், கையுறை, மருந்து, மரியாதை! இவற்றை அவர்களுக்குத் தரவேண்டும் என்பது இரக்கத்தால் எழும் கோரிக்கையல்ல. ஊரின் உயிர்க்காப்புக்கான கோரிக்கை.

இது விளையாட்டல்ல. தமிழகத்திலே 2012இலே 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோரும், 2017இலே 23 ஆயிரத்துக்கு மேற்பட்டோரும் டெங்குவிலே வீழ்ந்தனர் என்பது அரசுக் கணக்கு. அந்த இரண்டு ஆண்டுகளிலும், ஆண்டுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். டெங்குக் கிருமியைக் கொல்லத் தனி மருந்து இல்லை. காய்ச்சல் வந்தால் ஓய்வு, நீராகாரம், மருத்துவரின் கண்காணிப்பு. கூலி வேலைக்குப் போகும் தோழனுக்கு அந்த ஓய்வு என்பது என்ன? ஒரு வாரக் கூலி! வட்டிக்கடை! அடகுபோகும் தோடு! குழந்தைக்கு வந்துவிட்டாலோ, அந்த வீட்டின் விளக்கே நடுங்குகிறது. கொசு பணக்காரனையும் கடிக்கிறது, உண்மை. ஆனால் கடியின் விலையை அதிகமாகக் கொடுப்பவன் ஏழை!

ஆகவே கேட்கிறோம். ஆட்சிப் பொறுப்பிலே எவர் இருப்பினும் கேட்கிறோம். தண்ணீரை ஒழுங்காக விடுங்கள். வாய்க்காலை ஓடவிடுங்கள். தொட்டிகளிலே போடும் 'அபேட்' மருந்தை அளவறிந்து, முறையாக, தவணை தவறாமல் போடுங்கள். கொசுப்புழுவின் குடலை மட்டும் தாக்கி, மனிதருக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் கேடு செய்யாத நுண்ணுயிர் ஒன்றை 1976இலே இஸ்ரேல் நாட்டு நெகேவ் பாலைவனத்திலே கண்டுபிடித்தனர், 'பி.டி.ஐ.' என்பது அதன் பெயர். அதைத் தேவையான இடத்துக்கெல்லாம் கொண்டு செல்லுங்கள். கிணற்றிலும் அலங்காரத் தொட்டியிலும் கப்பி மீன் விடுங்கள். புழுவைத் தின்று தீர்க்கும். ஏரி குளங்களிலே மட்டும் அயல்நாட்டு மீனைக் கண்டபடி கொட்டாதீர்கள். நம் மீனினம் அழியும். புகை போடுங்கள், வேண்டிய இடத்திலே, வேண்டிய நேரத்திலே. ஆனால் புகையைக் காட்டிப் புழுவை மறைக்காதீர்கள்!

அரசைக் கேட்டுவிட்டு நாம் கைகட்டி அமர்ந்திருக்கலாமா? கூடாது, தோழர்களே! நமக்குக் கிளை இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது, சுவரொட்டி ஒட்டிப் பழகிய கைகள் இருக்கின்றன. வாரத்திலே ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் போதும். முதலிலே நம் படிப்பகத்தின் கொல்லைப்புறம், அடுத்தது நம் வீடு, அதற்கடுத்தது தெரு. கொட்டாங்கச்சியைக் கவிழ்ப்போம். டயரைக் கூரைக்குள் எடுத்து வைப்போம். டிரம்மைத் தேய்த்துக் கழுவி, வாயைத் துணியாலே இறுகக் கட்டுவோம். முதியவர் ஏற முடியாத மாடித் தொட்டியிலே நாம் ஏறி மூடி போடுவோம். எந்தக் கட்சிக்காரர் வீடு என்று பார்க்க வேண்டாம். மாற்றார் வீட்டுக் கொசுவுக்கு நம் வீட்டு வழி தெரியும்! மஸ்தூர் வந்தால் வாசலிலே நிறுத்திச் சண்டை போடாமல், ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, உள்ளே அழைத்துக் காட்டுவோம். தேங்கி நிற்கும் மாளிகை அடித்தளத்தை அவருக்குத் துணையாக நாலு பேர் சேர்ந்து போய்க் காட்டுவோம்.

ஏழு நாள் கணக்கை மறக்க வேண்டாம். வாரம் ஒருமுறை என்றால் வாரம் ஒருமுறை. ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறைக் கொசு. இலங்கையிலே 1963ஆம் ஆண்டு மலேரியா கண்டவர்கள் வெறும் 17 பேர்! வென்றோம் என்று கண்ணயர்ந்தனர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கிலே திரும்பி வந்தது. மறுபடி பாடுபட்டு, 2016இலேதான் மலேரியா அற்ற நாடு என்ற பெயரை அவர்கள் பெற்றனர். கண்ணயர்ந்த சில ஆண்டுகளுக்குக் கொடுத்த விலை, அரை நூற்றாண்டு!

புகைவண்டி வந்தால் சிறுவர்கள் இனியும் பின்னால் ஓடுவார்கள். ஓடட்டும், சிறுவர்கள்தானே! நாம் ஓட வேண்டாம். நாம் குனிவோம். வாசலிலே இருக்கும் தொட்டியைக் குனிந்து பார்ப்போம். அங்கே ஒரு விரற்கடை நீளம்கூட இல்லாமல் நெளிவது புழுவல்ல; அடுத்த மாதத்துக் காய்ச்சல். அடுத்த வீட்டுக் குழந்தையின் காய்ச்சல்.

கவிழ்த்துவிடுவோம், இன்றே.